மாங்காய்க் கதையும் காசுக் கணக்கும்

ஆங்கிலத்தில் மாம்பழத்துக்கு 'மேங்கோ' என்று பெயர் வந்த விதத்தைப் பற்றி நம்மவர்கள் சொல்லிச் சிரிக்கும் கதையைச் சித்தூர்ப் பக்கத்தில் வைத்துச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். வடாற்காட்டு ஜில்லாவுக்குச் சித்தூர் தலைநகராக இருந்த நாளில், மாந்தோப்பு வழியே குதிரைமேல் வந்த வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர், மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவியிடம் பழம் ஒன்று வாங்கிக் கடித்து, அதன் இனிப்பில் சொக்கிப்போய், பெயரைக் கேட்டுவரும்படி டவாலிச் சேவகனைப் பார்த்து 'மேன், கோ!' என்று அதட்ட, சேவகன் ஒன்றும் விளங்காமல் நிற்க, கிழவியோ துரை தம் பாஷையில் அந்தப் பழத்துக்கு இட்ட பெயர் அதுதான் என்று எண்ணிக்கொண்டு, அன்று முதல் 'மேங்கோ, மேங்கோ' என்று கூவியே விற்றாள். அதைக் கேட்ட துரையும், ஊரார் வழங்கும் பெயர் அதுவே போலும் என்று நம்பிச் சீமைக்கு எழுதி அனுப்பினார். துரையிடமிருந்து வந்தது என்று கிழவியும், கிழவியிடமிருந்து வந்தது என்று துரையும் நம்பிய ஒரு சொல் உலகமெல்லாம் பரவிவிட்டது என்பதே கதையின் சுவை.

இந்தக் கதையை நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். இரண்டு பாஷைக்காரர்கள் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் குழப்பத்தை இதைவிட அழகாகக் காட்டும் ஹாஸ்யம் வேறு கிடைப்பது அரிது. இதனால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. கேட்பவன் சிரிக்கிறான், சிரித்துவிட்டுப் போகிறான். என்னுடைய வருத்தமெல்லாம், இதே முறையில் கட்டப்பட்டும் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு, ஆராய்ச்சி என்ற பெயரோடு மேடையேறும் கதைகளைப் பற்றியதுதான். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஓசையில் நெருங்கிய தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்து, இதிலிருந்தே அது பிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மேடைகளிலும், மலர்களிலும், இப்போது கைபேசிச் செய்திகளிலும் பெருகிவருகிறது. பாஷாபிமானத்தால் செய்வதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ் உண்மையாகவே பிற நாட்டாருக்குக் கொடுத்த சொற்களின் மதிப்பை இந்தப் பழக்கம் கெடுத்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

இது நம்மிடம் மட்டும் உள்ள குறை அன்று. 'நியூஸ்' என்னும் சொல் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று நம் பள்ளிக்கூடங்களில் இன்றும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பல தலைமுறைகளாகப் பிள்ளைகளும் வியந்து கேட்கிறார்கள். புதியது என்று பொருள்படும் 'நியூ' என்னும் சொல்லின் பன்மையே அது என்பதும், பிரெஞ்சிலும் லத்தீனிலும் புதியவை என்னும் பன்மைச் சொல் செய்தியைக் குறித்து வந்த வழக்கைப் பார்த்து ஆங்கிலேயர் அப்படிப் பிரயோகித்தனர் என்பதும், பழைய நூல்களில் அச்சொல்லின் நடுவே இன்னும் ஓர் எழுத்து நின்றதால் நான்கு திசைக் கணக்கு அங்கே பொருந்தாமற்போகிறது என்பதும் ஆங்கில அகராதியைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கனவான்களின் ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்னும் சொல்லுக்கோ, இந்தியாவுக்கே வந்துபோகும் கதை ஒன்று உண்டு. பி. அண்ட் ஓ. கப்பல்களில் கீழ்த்திசை நோக்கி வரும்போது இடப்பக்கத்து அறையும், திரும்பும்போது வலப்பக்கத்து அறையும் வெயில் படாதவை என்றும், பணக்காரர்கள் அவற்றையே கேட்டு வாங்கியதால் 'போக இடம், வர வலம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான அந்த நான்கு எழுத்துகள் அவர்களுடைய பயணச்சீட்டில் முத்திரையிடப்பட்டன என்றும் சொல்வார்கள். அப்படி முத்திரையிட்ட சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்பட்டதில்லை. ஆயினும் அந்தக் கதை சாகவில்லை. வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரனின் உருவம் அதில் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது.

இத்தகைய மயக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்களும் ஆங்கிலேயரே என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். தஞ்சாவூரில் நீதிபதியாக உத்தியோகம் பார்த்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த ஆர்தர் பர்னெல் என்பவரும் ஹென்றி யூல் என்பவரும் சேர்ந்து, இந்திய வாழ்க்கையால் ஆங்கிலத்தில் புகுந்த சொற்களுக்கு ஒரு பேரகராதி இயற்றினார்கள். பர்னெல் 1882-இல் காலமாக, நூல் 1886-இல் வெளிவந்தது. 'ஹாப்சன் ஜாப்சன்' என்பது அதன் பெயர். மொகரம் ஊர்வலத்தில் ஹசனையும் உசேனையும் அழைத்து மார்பில் அடித்துக்கொண்டு வந்தவர்களின் குரலை, ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைப்போலத் திரித்துக் கேட்டதால் உண்டான தொடர் அது. அந்நியச் சொல்லைக் காது தனக்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொள்ளும் இயல்பையே அவர்கள் தங்கள் நூலுக்குத் தலைப்பாக வைத்தார்கள். பண்டகசாலையைக் குறிக்கும் 'கோடவுன்' என்னும் சொல் கீழே இறங்கிப் போகும் நிலவறையிலிருந்து வந்தது என்று ஆங்கிலேயர் தமக்குள் சொல்லிக்கொண்டதும் இந்த இயல்பினால்தான். அச்சொல்லோ மலாய் வழியாகச் சென்றது, அதன் மூலம் நம் கிடங்கு.

மாங்காய்க்கு வருவோம். கட்டிய கதையைவிட நடந்த சரித்திரம் சுவையில் குறைந்ததன்று. மலையாளக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் அங்கே வழங்கிய 'மாங்ங' என்னும் சொல்லைக் கேட்டு 'மங்கா' என்று எழுதிக்கொண்டனர். மாங்காய் என்னும் தமிழும் மாங்ங என்னும் மலையாளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பதினாறாம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்தை அடைந்துவிட்டது. சித்தூருக்குக் கலெக்டர் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன்பே, நம் கதையிலுள்ள துரையின் பாட்டனாருக்குப் பாட்டனார் அந்தச் சொல்லை அறிந்திருக்கக்கூடும். ஆனால் பழத்தை அவர் அறிந்திருக்கமாட்டார். மாதக்கணக்கில் கடலில் வரும் கப்பலில் பழம் அழுகாமல் போய்ச்சேர வழியில்லாத அந்தக் காலத்தில், சீமைக்குப் போனது உப்பிலும் எண்ணெயிலும் ஊறிய மாங்காய் ஊறுகாய்தான். அதனால் ஆங்கிலேயருக்கு அச்சொல் பழத்தைவிட ஊறுகாயையே நினைவூட்டிற்று. வெள்ளரிக்காயையும், முலாம்பழப் பிஞ்சையும், குடைமிளகாயையும் கீறி மசாலை திணித்து ஊறவைத்து அவற்றுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். அப்படி ஊறவைக்கும் தொழிலுக்கே அது வினைச்சொல்லாகவும் ஆயிற்று. அமெரிக்காவில் ஒஹாயோ, இண்டியானா முதலிய மாகாணங்களில் வயதானவர்கள் குடைமிளகாயை 'மேங்கோ' என்று சொல்லும் வழக்கம் இதன் எச்சமே. பழுத்த கனிக்கும் உலகம் 'காய்' என்ற பெயரையே வைத்துக்கொண்டு வழங்குவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் ஊறுகாய்ச் சாடியை மறந்துவிடக்கூடாது.

ஆனி மாதத்தில் தாமலசெருவு மண்டிக்கோ பங்காருபாளையம் மண்டிக்கோ போகிறவர்கள் இந்தச் சொல்லின் முழுப் பயணத்தையும் ஒரே முற்றத்தில் பார்க்கலாம். டிராக்டர்களிலிருந்து இறக்கிக் குவித்த காயைச் சுற்றி நின்று 'மாமிடிகாய' என்று தெலுங்கில் விலை பேசுகிறார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தரகர் 'மாங்கா' என்கிறார். இருவருக்கும் நடுவில் 'காய்' பொதுவாக நிற்பதால் மொழிபெயர்ப்பு வேண்டியிருப்பதில்லை. தமிழர் கிளிமூக்கு என்றும், கன்னடநாட்டுத் தொடர்பால் பெங்களூரா என்றும், வியாபாரிகள் தோத்தாபுரி என்றும் அழைக்கும் அந்த மூக்கு வளைந்த காய்க்கு ஆந்திரத்தில் 'கலெக்டர்' என்றே ஒரு பெயர் உண்டு என்பதைக் கேட்கும்போது, துரைமார் நம்மிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வேறொரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று தோன்றுகிறது. அங்கிருந்து காய் கூழ் ஆலைக்குப் போகிறது. தோலும் கொட்டையும் நீங்கி, சூடேறிக் கிருமி நீங்கி, பை பொதிந்த பெரிய இரும்புப் பீப்பாய்களில் அடைபட்டுக் கடல் கடக்கிறது. பீப்பாயின்மேல் ஆங்கிலத்தில் 'தோத்தாபுரி மேங்கோ' என்று அச்சிட்டிருக்கிறது. நானூறு வருஷங்களுக்குமுன் ஊறுகாய்ச் சாடியோடு போன சொல் இப்போது இரும்புப் பீப்பாயோடு போகிறது. அது நம் சொல் என்பதற்கு எந்தக் கட்டுக்கதையின் துணையும் வேண்டியதில்லை.

இனிக் காசுக்கு வருவோம். இங்கேதான் நாம் அதிக நிதானத்தோடு நடக்கவேண்டும். ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல் தமிழ்க் காசிலிருந்து வந்தது என்று மிகவும் கற்றவர்கள்கூடத் தயக்கமில்லாமல் சொல்லுகிறார்கள். ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். உண்மை என்னவென்றால், ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டுடைய இரண்டு 'கேஷ்' இருக்கின்றன. ஒன்று, லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா' இத்தாலியிலும் பிரான்சிலும் உருமாறிப் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையே குறிக்கத் தொடங்கிய சொல். கடையில் நாம் கொடுக்கும் ரொக்கத்துக்குப் பெயர் இதுதான்; இதற்கும் நமக்கும் உறவில்லை. மற்றொன்று, நம் நாட்டிலும் சீனத்திலும் வழங்கிய சிறிய செப்புக் காசைக் குறிக்க ஆங்கிலேயர் எழுதிய சொல். இதுவே நம் காசு. போர்த்துக்கீசியர் காசு என்று கேட்டதைத் தம் பாஷையில் பெட்டிக்குப் பெயரான 'கைஷா' என்பதோடு கலந்து எழுத, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டனர். பெட்டியும் காசும் ஒன்றாய் மயங்கியது லிஸ்பன் மாலுமியின் காதில். அந்த மயக்கத்தின் பேரக்குழந்தைதான் நம் மேடைகளில் பேசுகிறது.

திருப்பதியை நினைத்தால் இந்த விஷயம் கண்முன்னே தெளிவாகிறது. 1801-இல் வடாற்காடு கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது திருமலைக் கோயிலின் நிர்வாகமும் அவர்களிடம் சேர்ந்தது. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மஹந்திடம் ஒப்படைக்கும்வரையில் கோயில் வருமானத்தைக் கலெக்டர் கச்சேரியே கணக்கிட்டது. அந்தக் காலத்தின் முற்பகுதியில் சென்னை ராஜதானியில் ரூபாய்க் கணக்கு இல்லை. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய் நிலைபெறும்வரை இதுவே வாய்ப்பாடு. ஆங்கிலக் குமாஸ்தா எழுதும் பேரேட்டில், கையிருப்பு ரொக்கம் என்னும் தலைப்பில் வருவது ஐரோப்பியப் பெட்டியில் பிறந்த 'கேஷ்'. அதே பக்கத்தில் வராகன், பணம் என்னும் பத்திகளுக்கு அடுத்த பத்தியில் வருவது தமிழ்க் காசில் பிறந்த 'கேஷ்'. ஒரே மையால் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்ட இரண்டு சொற்கள். தோற்றத்தில் இரட்டையர், பிறப்பிலோ ஆறாயிரம் மைல் தூரம்.

அந்தத் தமிழ்ச் சொல்லைப் பொறித்த நாணயங்கள் இங்கிலாந்திலேயே அச்சடிக்கப்பட்டன என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பர்மிங்காமுக்கு அருகே மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயசாலையில் 1803-ஆம் வருஷத்திலும் 1808-ஆம் வருஷத்திலும், சென்னை ராஜதானிக்காகப் பத்துக் காசு, இருபது காசு முதலிய செப்பு நாணயங்களைக் கும்பினியார் அடித்தனர். ஒருபுறம் கும்பினியின் சின்னம், மறுபுறம் பாரசீக எழுத்து, அதன்கீழே ஆங்கிலத்தில் மதிப்பு. அவற்றைப் பல டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிப்போயிற்று. 1980-களில்தான் முக்குளிப்போர் அந்தக் காசுகளை வாரி எடுத்தார்கள். தமிழன் வாய்ச்சொல் ஒன்று ஆங்கிலக் கடலின் அடியில் செப்பில் பொறித்தபடி நூற்றெழுபது வருஷங்களுக்குமேல் கிடந்தது என்னும் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, வங்கியில் எழுதும் 'கேஷ்' முழுவதும் எங்களுடையதே என்று பொய்வழக்கு ஆடவேண்டிய அவசியம் நமக்கு என்ன வந்தது?

பொய்வழக்கினால் வரும் நஷ்டம் சிறியதன்று. கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், கறி, மிளகுத்தண்ணீர் என்று ஆங்கிலத்தில் இடம்பெற்ற நம் சொற்கள் பல. இவற்றுக்கு எழுத்துச் சான்று உண்டு, எந்த வருஷத்தில் எந்த யாத்திரிகர் எழுதினார் என்பதற்குக் குறிப்பு உண்டு. இந்த வரிசையிலேயே 'எட்டு' என்பதையும் நிறுத்தி, ஆங்கிலத்தில் எட்டைக் குறிக்கும் 'எய்ட்' அதிலிருந்து வந்ததென்று ஒருவர் முழங்கினால், விஷயம் தெரிந்த அந்நியர் அதைக் கேட்டுச் சிரிப்பதோடு நில்லாமல் கட்டுமரத்தையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்.

எட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லின் பழைய உருவம் 'எஅக்த' என்பதுபோல ஒலித்தது. ஜெர்மனில் 'அக்த்', லத்தீனில் 'ஒக்டோ', ஸம்ஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப் போக நடுவில் ஒரு ககரம் கேட்கிறது. தமிழ்ச் சொல்லைப் பின்னோக்கிப் பார்த்தாலோ எண்பது, எண்ணூறு, எண்திசை என்று ணகரம் வெளிப்படுகிறது, தெலுங்கில் 'எனிமிதி', 'எனபை', கன்னடத்தில் 'எண்ட்டு'. ஆகவே நம் சொல்லின் வேர் 'எண்'. இன்று ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டும், முன்னோர் வீடுகளுக்குப் போய் விசாரித்தால் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள். 'ஒன்று', 'ஒன்' என்பவற்றின் கதையும் இதுவே. ஆங்கிலச் சொல்லின் முன்னால் இப்போது கேட்கும் வகர ஓசை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஓசை ஒற்றுமை கேள்வியை எழுப்பலாம், விடையாகிவிடாது.

விடைக்கு வழி என்ன என்பதைக் காட்ட, சித்தூர் ஜில்லாவைப்போலவும் திருப்பதியைப்போலவும் தகுந்த பாடசாலை வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தமிழன் ஏழுமலையானே என்று கைகூப்புகிறான். பக்கத்தில் நிற்கும் தெலுங்கன் 'ஏடுகொண்டலவாடா' என்று கைகூப்புகிறான். ஏழு அங்கே ஏடு. இது ஒரு சொல்லோடு முடிந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் கோழி அங்கே 'கோடி', மேழி அங்கே 'மேடி', ஊழியம் அங்கே 'ஊடிகமு'. தமிழில் ழகரம் வருமிடத்தில் தெலுங்கில் டகரம் வருகிறது என்னும் விதி இதிலிருந்து கிடைக்கிறது. விதி கிடைத்தபின்தான் உறவு நிரூபணமாகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு சாமர்த்தியத்தைக் கையாண்டு, இங்கே ஓர் எழுத்தை விட்டும் அங்கே ஓர் எழுத்தைச் சேர்த்தும் ஒப்பிட்டுக் காட்டுவது வித்தை. ஒரே விதி பல சொற்களில் தவறாமல் நடப்பதைக் காட்டுவதே சாஸ்திரம்.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதிதன்று. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, 1812-இல் நிறுவப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ், தெலுங்குப் பண்டிதர்களோடு கூடி ஆராய்ந்து, தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை வரிசை வரிசையாக நிறுத்தி, இவை ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறவாத தனிக் குடும்பம் என்று 1816-இல் எழுதினார். காம்ப்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாக அது வெளிவந்தது. கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து, 1856-இல். தமிழின் தனித்தன்மையை உலகம் ஒப்புக்கொள்வதற்கு முதற்காரணமான சான்று தெலுங்கு இலக்கண நூல் ஒன்றின் முகப்பில் இடம்பெற்றது என்பதை, தெலுங்கைப் பகைத்துத் தமிழை உயர்த்த நினைப்பவர்கள் சிந்திக்கவேண்டும். எட்டின் வேர் எண் என்பதற்கு 'எனிமிதி' சாட்சி சொன்னதைச் சற்றுமுன் பார்த்தோம். அண்டை வீட்டாரின் சாட்சி இல்லாமல் நம் சொத்தின் எல்லையே நமக்குத் தெரியாது.

எல்லை என்றதும் பழைய மனக்கசப்புகள் எழும் என்பதை அறிவேன். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. மாகாணம் பிரிந்தபின் நடந்த வடவெல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. புத்தூரும் நகரியும் அங்கேயே தங்கின. அந்த வாதங்களின்போது இரு தரப்பிலும் ஊர்ப்பெயர்களைப் பிடித்து இழுத்தார்கள். சித்தூர் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் சிற்றூர் என்று இருப்பது, காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆவதுபோல, பேச்சில் சித்தூர் ஆகிறது. தெலுங்கிலோ தமிழின் இரட்டை றகரத்துக்கு நேராக இரட்டை டகரம் வருவது வழக்கம். புற்று அங்கே 'புட்ட', சுற்று அங்கே 'சுட்டு'. அந்த விதிப்படி பார்த்தால், பேச்சுத் தமிழின் உச்சரிப்பே இந்த ஊர்ப்பெயரில் தங்கியிருக்கிறது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. கேரளத்திலும் பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு சித்தூர் உண்டு. ஆனால் இதிலிருந்து அந்த ஊரின்மேல் இன்று உரிமை கொண்டாடுவதோ, அங்கே வாழும் தெலுங்கரைப் பின்னால் வந்தவர்கள் என்று தாழ்த்துவதோ அநியாயம். ஊர்ப்பெயர் நிலத்துக்குப் பட்டா ஆகாது.

இன்னொரு வகைப் பொருளுரையைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைக் கட்டுக்கதைகளோடு சேர்த்துத் தள்ளுவதை நான் ஒப்பமாட்டேன். வேங்கடம் என்னும் பெயரில் 'வேம்' என்பது பாவம் என்றும் 'கடம்' என்பது அதை எரிப்பது என்றும் பக்தர்கள் பொருள் சொல்லுகிறார்கள். இது நம் நாட்டின் தொன்மையான நிருக்த மரபைச் சேர்ந்தது. ஒரு பெயரை உச்சரிக்கும்போது மனம் எதைத் தியானிக்கவேண்டும் என்பதை இந்த மரபு கற்பிக்கிறது. அந்தச் சொல் எந்தக் காலத்தில் எந்த வேரிலிருந்து முளைத்தது என்று விசாரிப்பது இதன் நோக்கமே அன்று. பக்தருக்கு அது மெய். சொல்லாராய்ச்சியாளர் அதை மறுக்கவும் வேண்டாம், ஆதாரமாகக் காட்டவும் வேண்டாம்.

ஆகவே என்ன செய்யலாம்? மூன்று ராஜ்யங்கள் கூடும் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வெளிவந்து, 1984-இல் திருந்திய பதிப்பாகவும் வந்துவிட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சொற்குடும்பங்கள் அதில் அடங்கியிருந்தாலும், ஆங்கில முன்னுரையும் குறியீடுகளும் நிறைந்த அந்தப் பெரிய நூலைப் பள்ளிப் பிள்ளைகளால் பயன்படுத்த இயலாது. அதிலிருந்து, வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் வழங்கும் சொற்களை மட்டும் பொறுக்கி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தந்த எழுத்திலேயே அமைந்த ஒரு கையடக்கச் சொற்பிறப்பு நூலை, இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் கூடி, எல்லைப்புறப் பள்ளிகளுக்காக வெளியிடவேண்டும். சித்தூர், திருப்பதி, வேலூர், திருவள்ளூர், கிருஷ்ணகிரி ஆகிய ஜில்லாக்களில் வீட்டில் ஒரு பாஷையும் தெருவில் ஒரு பாஷையும் பேசி வளரும் பிள்ளைகள் ஏராளம். எல்லிஸ் துரை பண்டிதர்களை வைத்துக்கொண்டு சேர்த்த சொல் வரிசையை, இந்தப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டே சேர்த்துவிடுவார்கள்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சொற்பிறப்புக் கட்டுரை என்று எதையேனும் வெளியிடுமுன், எழுதியவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய உருவம் என்ன, அது முதன்முதலில் எழுதப்பட்ட காலம் எது, தமிழ்ச் சொல் அங்கே போய்ச்சேர்ந்த வழி எது. விடை இருந்தால் ஆராய்ச்சிப் பக்கத்தில் போடுங்கள். விடை இல்லாமல் கதை மட்டும் நன்றாக இருந்தால் சிறுவர் பகுதியில், வேடிக்கை என்ற தலைப்போடு, படமும் வரைந்து போடுங்கள். கலெக்டரையும் கிழவியையும் டவாலிச் சேவகனையும் வரைவதற்கு நம் ஓவியர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.